நாற்பது கிண்ணம், அதற்கு மேல் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் பிறகு வரட்டும். இந்த மாநிலத்தில் இதுவரை காய்ச்சப்பட்ட நூடுல்ஸ் சூப்புகளில் தலைசிறந்தது கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில், ஓர் அரிசிக் கடைக்கு நேர் எதிரே காய்ச்சப்பட்டது. அதை அங்கிருந்து துரத்தியவர் அந்த அரிசிக் கடைக்காரர். அவர் என் அப்பா.

போன மாதம் அலுவலக நண்பர்கள் இருவர் என்னைப் பெங்களூரில் ஒரு சீன ஓட்டலுக்கு அழைத்துப்போனார்கள். வாசலில் சிவப்புக் காகித விளக்கு, சுவரில் டிராகன், டிராகனுக்குக் கீழே மங்களூர்க்கார சர்வர். நூடுல்ஸ் சூப் வந்தது. கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தேன். கிண்ணம் சாய்ந்தது, சூப் சாயவில்லை. அவ்வளவு மக்காச்சோள மாவு.

"இத வேட்டிக்குப் போடலாம். வயித்துக்குப் போடக் கூடாது" என்றேன்.

இந்தப் பதினைந்து வருஷத்தில் நான் ஏறி இறங்கிய ஏழாவது ஓட்டல் அது. ஒன்றில் தக்காளி சாஸில் சேமியாவைக் குளிப்பாட்டிக் கொடுத்தார்கள். சென்னையில் இன்னொன்றில் வந்தது மிளகு ரசம்தான், முட்டைக்கோஸ் மட்டும் வெளியூர்க்காரன் மாதிரி ஓரமாக நின்றது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நான் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பார்த்து நண்பர்களுக்கு அலுத்துவிட்டது.

"நீ எங்கய்யா இதவிட நல்ல நூடுல்ஸ் சாப்ட்ட? கோலார் தங்கவயல்லியா?"

"ஆமா. வியட்நாம் நூடுல்ஸ்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சர்வர் பில்லைக் கொண்டுவந்துவிட்டான். "வியட்நாமா? பேப்பர்ல வருஷக்கணக்கா குண்டு விழுந்துச்சே, அந்த ஊரா? அங்க சாப்பாடு வேற உண்டா?"

குண்டு விழுகிற ஊரிலும் காலையில் பசிக்கும் என்ற செய்தி நம் பேப்பர்களில் வருவதில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். நானோ பேசாமல் கஞ்சியைக் குடித்து முடித்தேன். அந்த ஒரு மௌனத்துக்குப் பரிகாரமாகத்தான் இவ்வளவு காகிதத்தைச் செலவழிக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது. பி.ஏ. படித்திருந்தேன். அதனால் வேலை எதுவும் தெரியாது. அப்பாவின் அரிசிக் கடையில், மூட்டைகளுக்கு நடுவே சாய வசதியாக ஒரு பள்ளம் இருந்தது. அதில் படுத்து நாவல் படிப்பது என் உத்தியோகம். "எலி தின்னா அரிசியாவது கொறையும். இவன் இருந்தா இன்னா கொறையுதுன்னே தெரியல" என்று அப்பா வாடிக்கையாளர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார்.

கடைக்கு எதிர்ச்சாரியில் அப்பாவுக்கு ஓர் ஓட்டு அறை சொந்தமாக இருந்தது. அதற்கு ஒரு தம்பதி வாடகைக்கு வந்தார்கள். கணவர் காரைக்கால் பக்கத்துத் தமிழர். சைகோனில் ஒரு பாங்கி வாசலில் பதினெட்டு வருஷம் காவல் நின்றவர். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிச் சில வருஷம் கழித்து இவரும் கட்டினார். மாரிகுப்பத்தில் பங்காளி ஒருவர் சுரங்கத்தில் வேலை வாங்கித் தருவதாக எழுதியிருந்தார். வந்து சேர்ந்தபோது பங்காளி இருந்தார், வேலை இல்லை. மனைவி சைகோன்காரி. நாற்பது வயதிருக்கும், ஒல்லி, கறுப்புப் பட்டுக் கால்சட்டை, தலைக்குப் பின்னால் இறுக்கிய கொண்டை. தமிழ் பேசுவார். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். ஓட்டல் வைக்கப்போகிறோம் என்று கணவர் சொன்னபோது அப்பா இட்லி என்று நினைத்துக்கொண்டார். ஓட்டல் என்றால் இட்லி. இதில் அப்பாவைக் குறை சொல்லமாட்டேன்; குறை சொல்ல வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

அவற்றில் முதல் இடம் அரிசி. அந்த அம்மாள் எங்கள் கடைக்குப் பச்சரிசி வாங்க வந்தார். அப்பா மூட்டையில் கைவிட்டு அள்ளி, "ரெண்டு வருஷப் பழசும்மா, பாருங்க" என்று நீட்டினார். அவர் ஒரு அரிசியை எடுத்து முன்பல்லில் கடித்தார். துப்பினார்.

"புதுசு."

அப்பா சிரித்தபடி அடுத்த மூட்டையைத் திறந்தார். அந்த அம்மாள் அதிலும் ஒன்றை எடுத்தார். கடித்தார். துப்பினார். "இதுவும் புதுசு." மூன்றாவது மூட்டை. கடையில் இருந்த நாலு பேரும் சாமான் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இது போன வருஷம். பழசு இல்லே."

மூன்றுமே உண்மை. அந்தத் தெருவில் எல்லாருக்கும் சந்தேகம் இருந்தது, யாருக்கும் பல் இருக்கவில்லை. நான் பள்ளத்திலிருந்து எழுந்தேன். பின்கட்டில் எங்கள் வீட்டுக்காக ஒதுக்கிவைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு படி கொண்டுவந்து கொடுத்தேன். கடித்தார். விழுங்கினார். "இது. தம்பி, இது மட்டும்." அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வார அரிசி வெந்திருக்கும்.

ஓட்டலில் ஒரே ஒரு பண்டம்தான். அரிசியை ஊறவைத்து அரைத்து, கணவர் சேவை நாழியில் பிழிந்து, கொதிநீரில் இறக்கி எடுத்த வெள்ளை நூல். அதன்மேல் தாள் மாதிரி சீவிய கறி. அதற்கும் மேலே சாறு. பிரியாணி சமைக்கிற பாய் ஒருவரிடம் வாங்கிய பெரிய தேக்சாவில் அது முந்தின நாள் பிற்பகலிலிருந்தே அடுப்பில் இருக்கும். எலும்பை ஒரு கொதி விட்டு முதல் தண்ணீரைக் கொட்டிவிடுவார். வெங்காயத்தையும் இஞ்சியையும் தணலில் கறுக்கச் சுட்டுப் போடுவார். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஒரு துணி முடிச்சில். அதற்குப் பிறகு கொதிக்கவே விடமாட்டார். தேக்சாவின் ஓரத்தில் ஒரு குமிழி வரும், உடையும், யோசித்து இன்னொன்று வரும். சைகோனிலிருந்து கொண்டுவந்த மீன் நீர் தீர்ந்ததும், மாரிகுப்பம் சந்தையின் நெத்திலிக் கருவாட்டை உப்புத் தண்ணீரில் காய்ச்சி வடிகட்டி அந்த இடத்தை நிரப்பினார். அந்த ஒரு விஷயத்தில் தெருவுக்கு நியாயமான புகார் உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

எலும்பு மாட்டெலும்பு. இதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருந்த சுரங்கக்காரர்களுக்கு அது செய்தியே இல்லை. கடைத்தெருவில் இருந்த எங்களைப் போன்ற முதலியார், செட்டியார் வீடுகளுக்கு அது தலைப்புச் செய்தி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் குழம்பு அண்டை வீடு வரை மணக்கும். ஆனால் ஆடு வேறு, மாடு வேறு. போதாக்குறைக்கு, அந்த அம்மாள் மண்ணெண்ணெய் டின்களில் திருநீற்றுப்பச்சிலை வளர்த்து, அதைக் கிள்ளிச் சாற்றில் போட்டார். "சாமிக்குப் போடற எலைய மாட்டெலும்புல போட்றாடா!" என்று அப்பா நெஞ்சைப் பிடித்தார். அவர் அந்தச் செடியைக் கோயிலில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. கோயிலுக்கும் வருஷத்துக்கு இரண்டு முறைதான் போவார்.

மறுநாள் காலை நான் தெருவைக் கடந்துபோய் அங்கே உட்கார்ந்தேன். மாட்டுக்கறி தின்பது ஒரு புரட்சி என்ற நினைப்பில்தான் போனேன். அப்போது அந்த மாதிரிப் புத்தகங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாயில் புரட்சி மறந்துபோயிற்று. சாறு அவ்வளவு தெளிவு. கிண்ணத்தின் அடியில் அச்சடித்திருந்த சிவப்புப் பூவின் இதழ்களை எண்ண முடிந்தது. முதலில் இஞ்சி, பிறகு பட்டை, பிறகு எங்கிருந்தோ ஒரு இனிப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நெத்திலி, கூட்டத்தில் பேசாமல் இருக்கும் பெரிய மனிதர் மாதிரி. என் எதிரே பெஞ்சில் ஷிப்டு முடிந்து வந்த ஒருவர், காதுமடலில் இன்னும் கல்தூசியுடன், சத்தமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். நானும் சத்தமாக உறிஞ்சினேன். எதிர்க்கடையில் கேட்க வேண்டும் என்றுதான்.

கேட்டது. வீட்டில் கொல்லைக் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே வரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த மார்கழியில் ராபர்ட்சன்பேட்டையிலேயே அதிகம் குளித்தவன் நான்.

அடுத்து வந்ததுதான் பெரிய சிக்கல். எங்கள் ஊரில் எந்தச் சாப்பாட்டு ஓட்டலிலும் சாம்பாருக்கும் ரசத்துக்கும் கணக்குக் கிடையாது. இலையைத் தட்டினால் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் அது ஓட்டலே இல்லை. ஆகவே வந்தவர்கள் எல்லாரும் சேவையைப் பாதி தின்றுவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"ஒரு கரண்டி சாறு ஊத்துய்யா. காஞ்சிகீதே, எப்பிடித் துன்றது?"

பரிமாறியவர் கணவர். பதினெட்டு வருஷம் வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டவர். இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஊற்றினார். கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றினார். ஏழரை மணிக்குத் தேக்சாவின் அடி தெரிந்தது. கடை வாசலில் இன்னும் பத்துப் பேர். அவர் பின்பக்கம் போய், இரண்டு குடம் வெந்நீரைச் சத்தமில்லாமல் தேக்சாவில் சாய்த்தார்.

அந்த அம்மாள் அடுத்த கிண்ணத்துக்கு முன் கரண்டியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"யாரு தண்ணி ஊத்தினது?"

கணவர் கூரையைப் பார்த்தார். அந்த அம்மாள் துணியால் தேக்சாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, மறு காதை அவரைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேருமாகத் தூக்கி வந்து, நின்றிருந்தவர்களின் கண்ணெதிரே, முழுவதையும் தெருச் சாக்கடையில் கவிழ்த்தார்கள்.

"இன்னிக்கு முடிஞ்சுது. நாளைக்கு வாங்க. ஒரு ஆளுக்கு ஒரு கிண்ணம். ஒரு தடவை."

ஊர் கொதித்துவிட்டது. "சாக்கடைக்கு ஊத்துவாளாம், நமக்கு ஊத்தமாட்டாளாம்!" "பசிச்சி வந்தவன் கிண்ணத்த நீட்டனா, கைய மடக்கிகினு நிக்கறாபா!" அன்று மாலையே நான் உதவிக்குப் புறப்பட்டேன். படித்தவன் உதவிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஓர் உதாரணம். ஒரு பலகையில் அழகாக எழுதி மாட்டினேன்: 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்களே! எலும்பின் உயிர்ச்சத்தினை இரவும் பகலுமாய் இறக்கி ஆக்கிய இச்சாற்றினை மறுமுறை வேண்டுதல் அதன் மாண்பினைக் குறைக்கும் என்பதனைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

மறுநாள் வந்தவர்கள் பலகையின் முன் நின்று நிதானமாகப் படித்தார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "யாரு செத்துப்பூட்டாங்க?" என்று பக்கத்திலிருந்தவரை மெதுவாகக் கேட்டார். யாரும் உள்ளே வரவில்லை. ஒரு வாரத்தில் காலை வாடிக்கை ஐந்து பேராகக் குறைந்தது, என்னையும் சேர்த்து.

அப்பாவுக்கு அதுதான் சமயம். தெருவைக் கடக்காமலே, தன் கடைப்படியில் நின்று, எதிர்ச்சாரிக்குக் கேட்கும்படி கணவரிடம் சொன்னார்: "இட்லி போடு, தோச போடு, இருந்துக்கோ, நான் வேணாங்கல. இந்த எலும்புக் கூத்து நடந்தா, தை கடைசியோட எடத்தக் காலி பண்ணிடணும்." பிறகு என்னிடம்: "நீயும் கேட்டுக்கோ. லைன்காரனுங்களோட ஒரே பெஞ்சில குந்திகினு அத நக்கற வரைக்கும் என் கடையில உனக்கு வேல கெடையாது."

"இப்பவும் கெடையாதே, நைனா" என்றேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பெஞ்சில் உட்காருவதுதான் உண்மையான குற்றம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாடும் திருநீற்றுப்பச்சிலையும் அதன்மேல் போர்த்திய துணி. அன்றிலிருந்து பெஞ்சைத் திருப்பிப் போட்டு, எங்கள் கடையைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

கணவர் தளர்ந்துவிட்டார். "இட்லியே போட்ருவமா?" என்று ஒரு நாள் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. அந்த அம்மாள் எலும்பைத் திருப்பிவிட்டுக்கொண்டே சொன்னார்: "இந்தத் தெருவிலே நாலு இட்லிக் கடை. நல்ல இட்லி. என் இட்லி யாருக்கு வேணும்? எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். இதிலே தண்ணி ஊத்தினா, எனக்கு ஒண்ணும் தெரியாது." அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

தை பிறந்த வாரம் ஒரு முரட்டு மனிதர் உள்ளே வந்தார். சுரங்கத்தில் ஷாப்ட் குழியின் வாயிலில் நின்று, ஆழத்துக்கு இறங்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி, தலையை எண்ணி, கதவைச் சாத்தி மணியடிக்கிற வேலை அவருக்கு. லைன் முழுக்க அவரைத் தெரியும். அவர் கைக்குத் தினமும் தங்கள் தலையைக் கொடுத்தவர்கள் அல்லவா. ரசம் ஊற்றாத ஓட்டலைப் பார்த்துவிட்டு வருவதாகப் பந்தயம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா சின்ன மொதலாளி, நைனா கடைல சோறு போடலியா?" என்றார். கிண்ணம் வந்தது. பாதி தின்றார். கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"ஊத்து."

"இல்லே" என்றார் அந்த அம்மாள். கணவரை அவர் இப்போது பரிமாற விடுவதில்லை.

"ஒரு கரண்டி ஊத்துனா இன்னா கொறஞ்சிடும்?"

"ஒரு ஆளு கொறையும். வா, பாரு."

அவரை அடுப்பங்கரைக்கே அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன். தேக்சாவுக்குள் ஒரு மூங்கில் குச்சியை நிறுத்தினார். குச்சியில் நெடுகக் கீறல்கள். "இங்கே ஆரம்பம். ஒரு கீறல், ஒரு கிண்ணம். இங்கே நாப்பது. இதுக்குக் கீழே எலும்பு. உனக்கு ரெண்டு ஊத்தினா, கடைசி ஆளுக்குத் தண்ணி. அவன் அதே காசு குடுக்குறான். அவன் எப்படிச் சாப்பிடுவான்?"

கேஜ்காரர் குச்சியைக் கையில் வாங்கினார். கீறல்களை விரலால் தடவி எண்ணினார். முழுவதும் எண்ணினார். நான் அலங்காரமாக ஒரு பலகையில் சொல்லித் தோற்றதை அந்தக் குச்சி ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"அட, இத்த மொதல்லயே சொல்ல வேணாமா?" என்றார். "கேஜ்ல பலகை எழுதிகீது, இத்தினி பேருன்னு. மேல ஒருத்தன் ஏற வந்தா, என் மச்சானா இருந்தாலும் எட்டித் தள்ளுவேன். ஏன்னா கயிறு அறுந்தா போறவன் அவன் மட்டும் இல்ல." குச்சியைத் திருப்பிக் கொடுத்தார். "நாப்பதுதானே? நான் பாத்துக்கறேன்." வெளியே வரும்போது என் பலகையைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் கரியால் எழுதினார்: 'நாப்பது பேர். மேல ஏறாது.'

மறுநாள் காலை ஷிப்டு முடிந்த கையோடு, கேஜிலிருந்து இறங்கியவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, கடையின் அரைக்கதவில் நின்றுகொண்டார். வருகிறவர் முதுகில் ஒவ்வொரு தட்டாகத் தட்டி உள்ளே விட்டார். "ஒண்ணு. ரெண்டு. துண்ட ஒதறிட்டு உள்ள போ. மூணு." உள்ளே எவனாவது கிண்ணத்தைத் தூக்கினால் வாசலிலிருந்தே ஒரு குரல்: "டேய், கேஜ்ல ஒருத்தனுக்கு ரெண்டு எடம் குடுப்பனா?" கூட்டம் சிரித்தது, கிண்ணம் இறங்கியது. நாற்பதாவது ஆளுக்குப் பின் அரைக்கதவைச் சாத்தி, இரண்டு தட்டுத் தட்டினார், மணியடிப்பது போல. கிடைக்காதவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காகக் காலையும் மாலையும், ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு, எண்ணிக்கைக்கு அடங்கி ஏறி இறங்கியவர்கள் அவர்கள். ரசத்துக்குத்தான் கணக்கு வைத்துப் பழக்கமில்லை, கேஜுக்கு உண்டு. அடுத்த ட்ரிப் என்பது அவர்களுக்கு அவமானமே இல்லை.

பத்து நாளில், சங்கு ஊதியதும் ஷாப்டிலிருந்து ராபர்ட்சன்பேட்டைக்குச் சைக்கிளை மிதிக்கிறவர்கள் ஐம்பது பேருக்குமேல் ஆனார்கள். "இன்னிக்கு நான் பன்னெண்டு" என்று சொல்லிக்கொள்வது ஒரு கௌரவம். சாறு எட்டரை மணிக்கும் அதே தெளிவு. நான் ஒரு நாள் கடைசி ஆளாகப் போய்ச் சோதித்தேன். சிவப்புப் பூவின் இதழ்கள் எட்டும் தெரிந்தன, இஞ்சிக்குப் பின் பட்டை, பட்டைக்குப் பின் இனிப்பு, வரிசை மாறவில்லை.

கடை நிமிர்ந்தது அப்பாவை இன்னும் கோபப்படுத்தியது. காலையில் எதிர்ச்சாரி முழுக்க லைன்காரர்கள். சைக்கிள்கள் எங்கள் கடை வாசல்வரை. தை மாதக் கடைசி நாள், எட்டு மணிக்கு, அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முதல் முறையாகத் தெருவைக் கடந்தார். அரைக்கதவின் முன் வந்து நின்றார். எல்லாரும் உறிஞ்சுவதை நிறுத்தினார்கள்.

"முப்பத்தொம்போது ஆயிருக்கு, மொதலாளி" என்றார் கேஜ்காரர், மிகுந்த மரியாதையுடன். "ஒரு எடம் கீது. ஏறுறீங்களா?"

யாரோ சிரித்தார்கள். நான்தான் என்று பின்னால் சொன்னார்கள்.

"திங்க வரலடா நான்" என்றார் அப்பா. அந்த அம்மாளைப் பார்த்து, "இன்னும் ஒரு தபா கேக்கறேன். இட்லி போடறியா, இல்லியா?"

அந்த அம்மாள் கைகளைத் துடைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அப்பாவின் முன் பெஞ்சில் வைத்தார்.

"ஒரு கிண்ணம் பாக்கி இருக்கு. அதை ஊத்திட்டுக் காலி பண்றேன்."

வாதாடுவார், அழுவார், கெடு கேட்பார் என்று எதிர்பார்த்து வந்த மனிதருக்கு அந்தச் சாவியை என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்பதாவது கிண்ணம் வாசலில் நின்ற யாருக்கோ போயிற்று. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்பா அங்கேயே நின்றார். சாவியை எடுக்கவில்லை. எடுத்தால் தோற்றது போலவும் எடுக்காவிட்டால் தோற்றது போலவும் இருந்திருக்கும். அந்த அவஸ்தை அவரிடமிருந்து எனக்கு அப்படியே வந்திருக்கிறது.

சாமான் அதிகமில்லை. பங்காளியின் மாரிகுப்பத்து வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோக ஒரு தள்ளுவண்டி போதும். மற்றதெல்லாம் ஏறிய பிறகு தேக்சா மிச்சம். எலும்பும் அடிச்சாறும் அதில் இருந்தன. நாளைய சாற்றுக்கு அதுதான் விதை, கொட்டமாட்டேன் என்றுவிட்டார் அந்த அம்மாள். தூக்க ஆள் வேண்டும். நான் எழுந்தேன்.

"அதத் தொட்டா, வீட்டுப் பக்கம் வராதே" என்றார் அப்பா.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் படித்த எல்லா நாவல்களும் அந்த ஒரு கணத்துக்குத்தான் என்னைத் தயார்செய்திருந்தன. நிமிர்ந்து நடந்துபோய்த் தேக்சாவின் காதை வலது கையால் பிடித்தேன். அது பழுக்கக் காய்ந்திருந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது என்பதைப் புரட்சிக்காரர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் போட்ட சத்தத்தை எதிர்ப்பு முழக்கம் என்று எண்ணிச் சிலர் கை தட்டினார்கள்.

"துணி வெச்சிப் பிடி, தம்பி" என்றார் அந்த அம்மாள்.

துணி வைத்துப் பிடித்தேன். விடவில்லை. கேஜ்காரர் மறு காது. வண்டியில் ஏற்றி, கடைத்தெரு நெடுக, எங்கள் கடையையும் சேர்த்து, பட்டப்பகலில் தள்ளிக்கொண்டு போனோம். வண்டி ஆடும்போதெல்லாம் பட்டையும் அன்னாசிப்பூவும் கருவாடும் கலந்த அந்த வாசனை தெருவின் இரண்டு பக்கமும் வீசியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொள்கையால் அல்ல, வண்டி என் காலில் ஏறிவிடும் என்ற பயத்தால்.

அன்று ஒரு நண்பன் வீட்டில் படுத்தேன். மறுநாள் காலை அவனுடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு மாரிகுப்பத்துக்குக் கிளம்பினேன். வலது கையில் கட்டு, ஒற்றைக் கையால் மிதித்தேன், வழியில் இரண்டு முறை செயின் கழன்றது. இருந்தாலும் மனசு நிறைந்திருந்தது. முதல் நாள் முதல் கிண்ணம் எனக்காக எடுத்து வைத்திருப்பார்கள் என்று நம்பினேன். அப்பனை எதிர்த்தவன், வீட்டை விட்டவன், கையைச் சுட்டுக்கொண்டவன். வேறு யாருக்கு வைப்பார்கள்?

ஸ்டேஷனை ஒட்டிய அந்தத் தகரக் கூரை வீட்டு வாசலில் சைக்கிள்கள் அடைத்து நின்றன. கேஜ்காரர் ஒரு பலகையை வாசலுக்குக் குறுக்கே இழுத்து, இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நானு!"

"தெரியுதுபா. நாப்பது ஆயிடுச்சி."

"எனக்குக் கூடவா?"

"கேஜுக்கு ஆளு தெரியாது, தம்பி." அவர் என்னைச் சின்ன முதலாளி என்று அழைக்காதது அதுதான் முதல் முறை. அந்த நேரத்தில் அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

உள்ளேயிருந்து அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். என் கைக்கட்டைப் பார்த்தார்.

"கை எப்படி?"

"பரவால்ல அக்கா."

"நல்லது. நாளைக்கு சீக்கிரம் வா." தேக்சாவை மூடிவிட்டார்.

ஸ்டேஷன் எதிரே இருந்த ஓட்டலில் நாலு இட்லி சாப்பிட்டேன். கேட்காமலே மூன்று முறை சாம்பார் ஊற்றினார்கள். மூன்றாவது முறை இட்லி மிதந்தது. அதில் பருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் வயிற்றெரிச்சலுக்கு அடியில் ஓர் ஏற்பாடு சரியாக நடந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதி லேசாகத் தட்டுப்பட்டது. அன்று எனக்காக ஒரு கரண்டி கூடுதலாக இறக்கியிருந்தால், நாற்பத்தோராவது ஆளுக்காக இரண்டு குடம் வெந்நீர் எங்கோ சூடாகத் தொடங்கியிருக்கும்.

மறுநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே போய் நின்றேன். கேஜ்காரர் ஷாப்டிலிருந்து அப்படியே வந்து, பலகையை ஒதுக்கி, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒண்ணு" என்றார்.